டிக்கெட்டில் தொலைந்த மணித்தியாலங்கள்

கேள்வி: உம்மாவும் வாப்பாவும் தை மாதம் உம்ராவுக்குப் போகிறார்கள். கட்டுநாயக்கவில் பிற்பகல் 3.00க்கு ஏறி, ஜித்தாவில் மாலை 6.45க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது இரவு 8.00க்கு ஏறி, அதிகாலை 4.15க்கு வந்துசேர்கிறார்கள். போக 3¾ மணித்தியாலம், வர 8¼. ஒரே பாதைதானே? பூமி சுழல்வதாலா?
- ஒரு வாசகர், சவளக்கடை

பதில்: பூமியின் மேல் பழி போடாதீர்கள். அது காற்றையும் சேர்த்துக்கொண்டுதான் சுழல்கிறது. ஓடுகிற மட்டக்களப்பு ரயிலுக்குள் ஒரு கச்சானை மேலே எறிந்து பாருங்கள். பின் பெட்டிக்குப் போகாது, உங்கள் கைக்கே திரும்பி வரும்.

குழப்புவது மணிக்கூடு. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சவூதி நமக்கு 2½ மணித்தியாலம் பின்னால். அவர்கள் 6.45க்கு இறங்கும்போது சவளக்கடையில் இரவு 9.15. ஆக, பறந்தது 6¼ மணித்தியாலம். வரும்போது ஜித்தாவின் 8.00 நமக்கு 10.30, பறப்பது 5¾. (தொண்ணூறுகளின் கடைசியில் சவூதியில் வேலை பார்த்தவர்கள் வித்தியாசம் 3 என்று அடித்துச் சொல்வார்கள். அதுவும் சரிதான். 1996இல் முன்தள்ளிய மணிக்கூட்டை 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம்.)

மிச்சமுள்ள அரை மணித்தியாலம் காற்றின் கணக்கு. விமானம் பறக்கும் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில், இந்த மாதங்களில் அரேபியாவுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று பலமாக ஓடும். போகையில் எதிர்க்காற்று, வருகையில் அதுவே தள்ளிவிடும். வயல்வெளியில் சைக்கிள் மிதித்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நேர்ப்பாதை சுமார் 4,650 கிலோமீட்டர். திருவனந்தபுரத்துப் பக்கமாகக் கடலில் இறங்கி, ஓமானின் சலாலா அருகே கரையேறும். அதற்கப்பால் யெமன் வானத்தை விமானங்கள் பெரும்பாலும் தவிர்ப்பதால் பாதை இன்னும் கொஞ்சம் நீளும்.

நேராக ஜித்தாவில் இறங்கி உம்ரா செய்பவர்களுக்கு ஒரு விசயம் முக்கியம்: இஹ்ராம் நிலையில் கடக்க வேண்டிய மீக்காத் எல்லை வானத்திலேயே வந்துவிடும். நிமிடத்துக்கு 14 கிலோமீட்டர் போகிற ஊர்தியில் கண்ணயர்ந்தால் எல்லை பின்னால் போய்விடும். வாப்பா இஹ்ராமைக் கட்டுநாயக்கவிலேயே உடுத்திக்கொள்ளட்டும். நிய்யத்தை அறிவிப்பு வரும்போது இருவரும் வைக்கலாம். நீரிழிவு மாத்திரை இருந்தால் எந்த ஊர் நேரத்துக்கு எடுப்பது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

உண்மையில் நீண்ட பயணம் தரையில்தான். சவளக்கடையிலிருந்து கட்டுநாயக்க, பறவை போனால் 210 கிலோமீட்டர் சொச்சம்; விமான வேகத்தில் கால் மணித்தியாலம். ரோட்டிலோ 300க்கு மேல், பஸ்ஸில் எட்டு ஒன்பது மணித்தியாலம். விமானத்துக்கு 3 மணித்தியாலம் முன்பே அங்கு நிற்கவும் வேண்டும். தை மாதம் என்கிறீர்கள். மழை விடாமல் பெய்தால், கல்முனைக்கு வரும் வழியிலுள்ள கிட்டங்கியில் தண்ணீர் ரோட்டுக்கு மேலே ஏறும் காலம் அது. இருவரையும் முதல் நாளே கல்முனைக்குக் கூட்டிவந்து தங்கவையுங்கள்.