எஞ்சினுக்காகக் காத்திருந்த விமானம்

மும்பை வொர்லியிலுள்ள நேரு அறிவியல் மையத்திற்குத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளிலிருந்து மாணவர்கள் சுற்றுலா செல்வது வழக்கம். அதன் திறந்தவெளிப் பூங்காவில் பழைய நீராவி இரயில் எஞ்சினோடு போர் விமானம் ஒன்றும் நிற்கிறது. அதன் பெயர் மாருத். காற்றைக் குறிக்கும் ‘மாருதம்’ என்னும் சொல் தமிழிலும் உண்டு.

ஒலி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் செல்லும். அதனினும் இருமடங்கு வேகத்தில் பறக்கும் விமானத்தை நாட்டிலேயே உருவாக்க 1950களில் இந்திய அரசு விரும்பியது. குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானிய வடிவமைப்பாளர் 1956இல் பெங்களூருக்கு வந்தார். இந்தியப் பொறியாளர்கள் அவருடன் உழைத்தனர். முதலில் எஞ்சின் இல்லாத மர விமானம் ஒன்றை முழு அளவில் செய்தனர்; அதனை வேறொரு விமானத்தால் வானுக்கு இழுத்துச் சென்று விட்டுச் சோதித்தனர். 1961 ஜூன் 17 அன்று, உண்மையான மாருத்தைச் சுரஞ்சன் தாஸ் முதன்முதலில் ஓட்டினார்.

உடல் தேறியது, எஞ்சின்தான் கிடைக்கவில்லை. மாருத்துக்கென எண்ணியிருந்த ஆற்றல்மிக்க எஞ்சின் பிரிட்டனில் உருவாகிக்கொண்டிருந்தது. அதனை முடிக்க இந்தியா பணம் தரவேண்டும் என்றனர்; இந்தியா உடன்படவில்லை. அன்று செய்த சிக்கனம் பின்னர் மிகுந்த இழப்பையே தந்தது. வேறு எஞ்சினை எளிதில் பொருத்தவும் இயலாது. சட்டை தைப்பவர் உடலை அளந்து தைப்பதுபோல, விமானமும் தன் எஞ்சினை அளந்தே வடிவமைக்கப்படுகிறது. ஆகவே ஆற்றல் குறைந்த எஞ்சின்கள் இரண்டுடன் மாருத் பறந்தது. இருமடங்கு வேகம் கனவாயிற்று.

எகிப்தும் அக்காலத்தில் மீயொலி விமானம் ஒன்றை உருவாக்க முயன்றது. அதன் எஞ்சினைச் சோதிப்பதற்காக மாருத் ஒன்று அங்கு அனுப்பப்பட்டது. 1969இல் எகிப்து தன் திட்டத்தைக் கைவிட்டது. பெங்களூரில் பழைய எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டும் முயற்சி நடந்தது. அதன் பின்பகுதியில் மீண்டும் எரிபொருளை எரிக்கும் முறை அது. அத்தகைய மாருத்தைச் சோதித்தபோது, 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் விபத்தில் உயிரிழந்தார். முதல் மாருத்தை வானில் ஏற்றியவரும் அவரே.

ஆயினும் 147 மாருத்துகள் உருவாயின. 1971ஆம் ஆண்டுப் போரில் இராசத்தான் எல்லையில் அவை நிலத்தை ஒட்டித் தாழப் பறந்து தாக்கின. சில விமானங்கள் ஓர் எஞ்சின் செயலிழந்தும் தளம் திரும்பின. 1990இல் மாருத் ஓய்வு பெற்றது. இந்தியாவில் அதன்பின் உருவான தேஜஸ் ஒலியின் வேகத்தை விஞ்சியது. அதன் எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வருகிறது.

சொற்பொருள்
மீயொலி – ஒலியின் வேகத்தை விஞ்சிய
விஞ்சுதல் – மிகுதல், கடத்தல்
உந்துவிசை – முன்னே தள்ளும் ஆற்றல்

வினாக்கள்
1. எஞ்சின் இல்லாத மர விமானத்தை ஏன் முதலில் செய்திருப்பர்?
2. பிரிட்டன் கேட்ட பணத்தை இந்தியா தந்திருக்க வேண்டுமா? உன் கருத்தை எழுதுக.