குளிரில் குலுங்கும் பிக்கப் வண்டி

மலைப்பகுதி விவசாயிக்கு நல்ல விளைச்சல் பாதி வெற்றியென்றால், அதனை உரிய வேளையில் சந்தையிற் சேர்ப்பது மறுபாதியாகும். நீலகிரியில் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டியை அடைவதற்கு வண்டி விடியுமுன் புறப்பட்டாக வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படியும் அவ்வேளையில்தான் சில டீசல் பிக்கப் வண்டிகள் தொல்லை கொடுக்கின்றன. எஞ்சின் பிடித்துக் கொண்டாலும், நின்ற நிலையில் சீராக ஓடாது, குலுங்கும், வெண்புகை கக்கும். சில நிமிஷங்கள் சென்றதும் ஒன்றும் நடவாததுபோல் அமைதியாகிவிடும்.

சென்ற ஜனவரியில் இத்தகைய வண்டியொன்றை வைத்திருந்த விவசாயி ஒருவர் நம்மிடம் வந்தார். நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டுமென்று ஒரு பட்டறையில் கூறிவிட்டனராம். அவ்வாண்டுக் கேரட் வருமானத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும் என்பது அவர் கவலை. நாம் மெக்கானிக் அல்லோம். எனினும், எஞ்சின் சூடானதும் அடியோடு மறைந்துவிடும் குறைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இன்ஜெக்டர்தானா என்ற கேள்வி நமக்கு எழுந்தது.

காரணம் யாது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. சிலிண்டரிலுள்ள காற்று சுமார் 16 முதல் 18 மடங்கு வரை அமுக்கப்படுகிறது. அதனால் எழும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக் கொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அவ்வெப்பத்தை இரும்புச் சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. உயரமான ஊர்களில் காற்றின் அடர்த்தியும் குறைவு. இக்குறையை ஈடுசெய்யவே பல எஞ்சின்களில் சிலிண்டருக்கு ஒன்றாக ‘ஹீட்டர் பிளக்’ வைக்கப்பட்டுள்ளது. அதன் முனை சில விநாடிகளில் 800 டிகிரி செல்ஷியஸுக்கும் மேல் சூடேறும். புதிய வண்டிகள் பலவற்றில், எஞ்சின் பிடித்த பின்னரும் அது சிறிது நேரம் சூடாகவே இருந்து ஓட்டத்தைச் சீராக்குகிறது.

நால்வர் சுமக்கும் பாரத்தில் ஒருவர் தோள் கொடாவிடின் என்னவாகும்? நான்கு பிளக்குகளில் ஒன்று கருகினால் எஞ்சினுக்கு நேர்வதும் அதுவே. அச்சிலிண்டரில் எரியாத டீசலே காரமான நெடியுடன் வெண்புகையாக வெளிவருகிறது.

சோதிக்கும் முறை

செலவு குறைந்த சோதனையை முதலிலும், செலவு மிகுந்ததை இறுதியிலும் செய்தல் வேண்டும்.

1. புகையைக் கவனிக்க. டீசல் நெடியுள்ள வெண்புகை, எரிபொருள் சரிவர எரியாமையைக் காட்டும். கரும்புகையாயின் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. நீலப்புகையாயின் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகையோடு ரேடியேட்டர் நீரும் குறைந்து வந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுக.

2. பாட்டரியைச் சோதிக்க. முழுமையாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பாட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சோம்பிச் சுழன்றால் அமுக்கமும் வெப்பமும் போதா.

3. டீசல் பில்டரில் தேங்கிய நீரை வடித்துவிடுக. குழாய் இணைப்புகளில் ஈரக்கசிவு உண்டாவென்று பார்க்க. அவ்வழியே இரவில் காற்றுப் புகுந்தால் காலையில் எஞ்சின் தடுமாறும்.

4. ஹீட்டர் பிளக்கின் மின்கம்பியைக் கழற்றி, மல்டிமீட்டரால் பிளக் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளக்க. நல்ல பிளக் பெரும்பாலும் 2 ஓமுக்குட்பட்ட சிறு தடையையே காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிடின் பிளக் கருகிவிட்டது. எல்லாம் நன்றாயிருப்பின் ரிலேயையும் பியூஸையும் பார்க்க.

5. கணினிக் கட்டுப்பாடுள்ள வண்டியில், இரவு முழுதும் நின்றபின் ஸ்கேனர் காட்டும் எஞ்சின் வெப்பநிலை, வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டியிருக்க வேண்டும். மிகவும் வேறுபடின் வெப்பநிலை சென்சாரில் குறையுண்டு. புகையைத் திரும்பக் காற்றுடன் கலக்கும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து மூடாமலிருப்பினும் குலுங்கும்.

6. இவையனைத்தும் செம்மையாயிருந்தால் மட்டுமே இன்ஜெக்டரையும் சிலிண்டர் அமுக்கத்தையும் சோதிக்கச் செய்க.

செய்யத்தகாதவை

பழைய எஞ்சின்களில், ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பழுதான சிலிண்டரைக் கண்டறிவது வழக்கம். ‘காமன் ரெயில்’ வண்டியில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. அக்குழாயிலுள்ள அழுத்தம் 1,000 பாரையும் தாண்டக்கூடும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலினுட் பாயும். காயம் ஊசிக்குத்துப் போல் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிப்பதும் அபாயமே, வெடிக்கக்கூடும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் போக்கும். பிளக்கைக் கழற்றுகையில் பலவந்தம் கூடாது. முறிந்தால் எஞ்சினின் தலைப்பகுதியையே கழற்ற நேரும். எஞ்சின் இளஞ்சூடாயிருக்கையில், துரு இளக்கும் எண்ணெய் விட்டு மெல்லத் திருகுக. சிலவகைப் பிளக்குகள் 12 வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் இயங்குபவை. ஆதலின் அவற்றை நேரே பாட்டரியில் இணைத்துச் சோதித்தல் தகாது.

முடிவு

நம் விவசாயியின் வண்டியில் மூன்று பிளக்குகள் சுமார் 1 ஓம் காட்டின. நான்காவது ஒன்றுமே காட்டவில்லை. அதனை மாற்றிய மறுநாள் விடியற்காலையில் வண்டி குலுங்காது நின்று ஓடியது. இன்ஜெக்டர்களுக்கென ஒதுக்கிய பணம் அவர் கையிலேயே மிஞ்சியது. விதைக்கும் உரத்திற்கும் அது பயன்பட்டது.

மல்டிமீட்டரின் விலை சில நூறு ரூபாய்தான். உழவர் குழுவுக்கு ஒன்று இருந்தால் ஊர் வண்டிகள் அனைத்திற்கும் உதவும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள், பனிக்காலம் தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்து இச்சோதனைகளை இளைஞர்களுக்குச் செய்துகாட்ட ஏற்பாடு செய்வார்களாக. அளந்து பார்க்குமுன் எப்பாகத்தையும் வாங்குவதில்லை என்ற உறுதி ஒன்று போதும்; விவசாயியின் உழைப்பு வீண்செலவிற் கரையாது.