சமயமும் அமைதியும்



சமயப்பற்று மிகுந்த சமுதாயத்தில் அமைதி மிகுமா, குறையுமா என்னும் வினா நம் விடுதியில் அடிக்கடி எழுகின்றது. ஒரு சாரார் சிலுவைப் போர்களைக் காட்டுவர். மறு சாரார் 1937-38-இல் ஸ்டாலின் ஆட்சியில் நிகழ்ந்த படுகொலைகளைக் காட்டுவர். இப்படி எண்ணிக்கொண்டே போனால் முடிவு கிட்டாது. ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மாறாமல் வைத்து மற்றொன்றை மாற்றிப் பார்க்கிறோம் அல்லவா? அம்முறையை இங்கும் கையாளுவோம்.

முதலில் பாலக்காட்டுக் கல்பாத்தி. அங்குள்ள விசுவநாத சுவாமி கோயில் தேர் பெயர் பெற்றது. அக்கிரகாரத்தார் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து குடியேறியோரின் வழிவந்தவர். 1924-இல் தேர்த்திருவிழாவின்போது அத்தெருவில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். தெருவில் நடக்கும் உரிமைக்காகவே சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தனர். இன்றும் அதே கோயில், அதே தேர். எல்லாச் சாதியினரும் அத்தெருவில் நடக்கின்றனர். பக்தி குறைந்ததாலா இந்த மாற்றம்? இல்லை, மாறியது நடக்கும் உரிமையே.

அடுத்தது நான் பிறந்த இடுக்கி. 2011-இல் அங்கு ஏற்பட்ட சிறு நில அதிர்வுகள், 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய அச்சத்தைப் பெருக்கின. கீழே இருப்போருக்கு உயிரச்சம். தேனிப் பக்கத்து உழவருக்கு நீர் போய்விடுமோ என்னும் அச்சம். டிசம்பரில் கலகம் மூண்டது. தோட்டத் தொழிலாளர் பலர் மலைப்பாதை வழியே தமிழகத்துக்கு ஓடினர். அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுவனாகிய நானும் ஒருவன். எங்கள் லயத்தின் மீது கல் எறிந்தவர்கள் வணங்கிய ஐயப்பனையே நாங்களும் வணங்கினோம். ஒரே தெய்வம் கல்லைத் தடுக்கவும் இல்லை. எறியச் சொல்லவும் இல்லை.

கம்பம் பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டதை நான் நெடுநாள் கழித்தே அறிந்தேன். அதுவரை எங்கள் காயம் ஒன்றையே கணக்கில் வைத்திருந்தேன். ஆய்வு மாணவனுக்கு இது பெரும் பிழை.

உலகைப் பார்த்தால், ஜப்பானில் சமயப்பற்றும் குறைவு, கொலையும் குறைவு. பக்தி மிகுந்த ஹொண்டுராசிலோ 2012-இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 90 பேர் கொலையுண்டனர். ஆனால் அங்கே வறுமையும் துப்பாக்கியும் கும்பல்களும் உண்டு. சேர்ந்து காணப்படுவதெல்லாம் காரணம் ஆகிவிடாது.

இரண்டு ஊர்களைக் கொண்டு உலக விதி வகுக்க முடியாது என்பதை ஒப்புகிறேன். எனினும் இவ்விரண்டும் ஒன்றை உணர்த்துகின்றன: உரிமை மறுக்கப்படும்போதும் அச்சம் ஆறாதபோதும் அமைதி கெடுகிறது. சமயம் அங்கே கொடியாகலாம், மருந்தும் ஆகலாம்.

ஆகவே தோழர்களே, அடுத்த கலகச் செய்தி வரும்போது, "அவர்கள் எந்த மதம்?" என்று கேட்குமுன், "யாருக்கு எது மறுக்கப்பட்டது? யார் எதற்கு அஞ்சுகிறார்?" என்று கேளுங்கள். இரு பக்கத்தாரிடமும் கேளுங்கள்.