கமென்ட்டைத் தள்ளும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

முதல் லெக்சரை எழுதத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. எண், பெயர், சரம் என்று பார்த்துப் பார்த்து விதி எழுதுகிறவர்கள்கூட, தூக்கிப்போடத்தானே போகிறோம் என்று கமென்ட்டைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. கமென்ட் போனாலும் அது இருந்த இடத்துக்குப் பொருள் உண்டு.

சி மொழியின் தரப்படி, ஒவ்வொரு கமென்ட்டும் ஓர் இடைவெளியாக மாற வேண்டும். ‘இன்ட்/**/எண்’ என்று இருந்தால் அது இரண்டு டோக்கன். 1989-இல் ஆன்சி தரம் வருவதற்கு முன், சில பிரீபிராசசர்கள் எதையும் வைக்காமலே கமென்ட்டை நீக்கின. இரண்டு பெயர்களை ஒட்ட அதையே உத்தியாகக் கையாண்டார்கள். அந்த வேலைக்கென்றே தரம் ## குறியைத் தந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னும் கவனம் வேண்டும்: கமென்ட்டுக்குள் வரிமுறிவு இருந்தால், முழுக் கமென்ட்டும் வரிமுறிவாகவே கொள்ளப்படும். ரிட்டர்னை அடுத்து இரண்டு வரி கமென்ட் எழுதி, பிறகு மதிப்பை எழுதினால், வாக்கியம் ரிட்டர்னோடு முடிந்துவிடும், மதிப்பு திரும்பாது.

ஃபிளெக்ஸில் எழுதுகிறாய் என்றால், தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே .* போட்டு முடித்துவிடாதே. புள்ளி வரிமுறிவைத் தாண்டாது. ஒரே வரியில் இரண்டு கமென்ட் இருந்தாலோ, நடுவிலுள்ள நிரலையும் சேர்த்து விழுங்கிவிடும். /* வந்ததும் தொடங்கிய வரி எண்ணைக் குறித்துக்கொண்டு தனி நிலைக்குள் போ. வரிமுறிவு வரும்போதெல்லாம் வரி எண்ணைக் கூட்டு. */ வந்ததும் வெளியே வா. ரஸ்ட், ஹாஸ்கெல் போலக் கமென்ட்டுக்குள் கமென்ட்டை அனுமதிக்கும் மொழி என்றால், ஆழத்தை எண்ண ஒரு மாறியும் வேண்டும்.

மூடாத கமென்ட்டோடு கோப்பு முடிந்துபோனால், அது தொடங்கிய வரியைப் பிழைச்செய்தியில் சொல். கடைசி வரியைக் காட்டினால், எழுதியவர் கோப்பு முழுவதும் தேடி அலைவார்.

நாளை இதே லெக்சரை வைத்து ஃபார்மேட்டர் எழுத நினைத்தால், ஒரு கமென்ட்டையும் இழக்க முடியாது. ஆகவே அவற்றை இடத்தோடு சேர்த்துக் கொடுக்கவும் வழி வைத்துக்கொள்.

விதிகளைத் தொடுமுன் சோதனைக் கோப்பைத் தயார் செய். /**/, /***/, இன்னும் மூடாத /*/, சரத்துக்குள் வரும் /**/, வகுத்தல் என்று நினைத்து எழுதிய ‘மொத்தம்/*சுட்டி’ ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். இவை சரியாக வந்தபின் அடுத்த டோக்கனுக்குப் போ.

அன்புடன்,
உன் அண்ணன்