கிணற்றடிக்கு மின்வயர் நீட்டுதல்

கமக்காரரே! வீட்டு மின்சாரத்தைக் கிணற்றடிப் பம்பிக்கு நீட்டும்போது, வயர்களை முறுக்கி நாடா சுற்றினாற் போதுமென்று எண்ணாதீர்கள். முறுக்கு நாளடைவில் தளரும். தளர்ந்தவிடம் சூடேறி உறையை உருக்கும். அப்பொருத்து ஈர வரம்பிற் கிடந்தால், 230 வோல்ற்று மின்சாரம் மண்வெட்டியுடன் வருபவரைத் தாக்கும்.

பொருத்தில்லாத முழுநீள வயரே மேலானது. பொருத்த நேர்ந்தால், உரிமம் பெற்ற மின்தொழிலாளரை அழையுங்கள். அவர் பிரதான ஆளியை நிறுத்தி, மின்சாரம் இல்லையெனச் சோதித்து, ஒரே பருமனுள்ள வயர்களைத் திருகாணி இணைப்பியில் இறுக்கி, நீர்புகாப் பெட்டியில் மூடி, நிலத்துக்கு மேலே பொருத்துகிறாரா என்று நின்று பாருங்கள். பழைய வயரின் சிவப்பு புதியதன் கபில நிறத்துடனும், கறுப்பு நீலத்துடனும், பச்சை பச்சைமஞ்சளுடனும் சேரவேண்டும். பச்சையாகிய புவிக்கம்பி வீண் செலவென்று அதனை விட்டுவிடுவோருமுளர். பம்பியின் உடலிற் கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இட்டுச்சென்று, றிப் ஆளியை உடனே விழச்செய்வது அக்கம்பியே.