முற்சில்லுப் பிறேக்கும் அதனைத் திருத்தும் முறையும்

தோற்றுவாய்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, இலக்கியம் பற்றிய பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். எனினும், காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகளார் விஞ்ஞானத்தையும் தமிழையும் இரு கண்ணெனப் போற்றியவர். 1936 ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். அவர் நடந்த வழியிலே நாமும் கைத்தொழிற் பொருளொன்றைத் தமிழில் விளக்க முயல்வது முறைகேடாகாது.

எடுத்துக்கொண்ட பொருள், பழைய மோட்டார்ச் சைக்கிளின் முற்சில்லுப் பிறேக்கினை வலுப்படுத்துதல் ஆகும். 2020 ஆம் ஆண்டிலே இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அத்தடை சில ஆண்டுகள் நீடித்தது. புதிய வண்டிகளின் விலை ஏறவே, தந்தையரும் பாட்டனாரும் ஓட்டிய வண்டிகள் வீட்டுக் கோடிகளிலிருந்து மீண்டும் வீதிக்கு வந்தன. எஞ்சினைத் திருத்தினோம், நிறம் பூசினோம், இருக்கைக்குப் புதிய உறை தைத்தோம். பிறேக்கினை மாத்திரம் இருந்தபடியே விட்டோம். அதன் பயனை நாமே அநுபவித்தோமாதலின், பிறருக்கு அது நேராதிருக்க வேண்டுமென்று இதனை எழுதுகின்றோம்.

எமக்கு நேர்ந்தது

நாம் நாள்தோறும் மட்டக்களப்பு நகரிலிருந்து புறப்பட்டு, வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவுப் பகுதிக்குப் படிப்பிக்கச் செல்கின்றவர்கள். எமது வண்டி தந்தையார் விட்டுச்சென்ற றோயல் என்பீல்ட் புல்லட். சென்னையிலே செய்யப்பட்டது, 350 சீசீ வலுவுடையது. 2023 ஆம் ஆண்டு மாசி மாதத்து மாலைப்பொழுதொன்றில், ஆயித்தியமலை வீதியிலே வந்துகொண்டிருந்தோம். பெரும்போக அறுவடைக் காலம். வீதியின் ஓரத்திலே வைக்கோல் கிடந்தது. வயலிலிருந்து பட்டிக்குத் திரும்பிய எருமைக் கன்றொன்று திடீரென்று வீதிக்கு ஏறிற்று.

நாம் காற்பிறேக்கினை மிதித்தோம். பிற்சில்லு இறுகி ஒருபுறமாக வழுக்கிற்று. கை முற்பிறேக்கிற்குப் போகவில்லை. “முன் பிறேக்கைத் தொடாதே, தம்பி, தலைகீழாய்த் தூக்கி எறிந்துவிடும்” என்று இளமையிலே பெரியோர் சொல்லித் தந்த பாடம் எமது கையைக் கட்டிவிட்டது. கன்று தப்பிற்று. நாம் விழுந்து காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கிடந்தோம்.

கை குணமாகியபின் முற்சில்லினைக் கழற்றிப் பார்த்தோம். கேபிள் உள்ளே துருப்பிடித்திருந்தது. லைனிங்கின் ஓரங்கள் மாத்திரமே ட்ரத்தினைத் தொட்ட அடையாளம் காணப்பட்டது. அன்று நாம் முற்பிறேக்கினைப் பிடித்திருந்தாலும் பெரும்பயன் விளைந்திராது. பயன்படுத்தாமையால் அது கெட்டது; கெட்டிருந்தமையால் அதனைப் பயன்படுத்தும் பழக்கமும் வளரவில்லை.

ஓடும் வண்டி நிற்பது எவ்வாறு?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுக என்பது ஆசிரிய கலாசாலையிலே நாம் கற்ற முதல் விதி. கல்லூரியிலே கற்ற பௌதிகவியலிலிருந்து தொடங்குவோம்.

வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 240 கிலோகிராம் எனக் கொள்க. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 16.7 மீற்றர் வேகத்தில் ஓடும்பொழுது, அதனிடத்துள்ள இயக்கச் சத்தி ஏறத்தாழ 33,000 யூல் ஆகும். வண்டி நிற்கவேண்டுமாயின் இச்சத்தி முழுவதும் வேறு வடிவம் பெறல் வேண்டும். பிறேக்கு உராய்வினால் அதனை வெப்பமாக மாற்றுகின்றது. வேகம் 80 கிலோமீற்றராக உயரின் சத்தி 59,000 யூலைத் தாண்டும். வேகம் மூன்றிலொரு பங்கு கூட, பிறேக்கின் வேலை ஏறத்தாழ முக்காற் பங்கு கூடுகின்றது.

இனி, எந்தச் சில்லு இவ்வேலையைச் செய்கின்றது? பேருந்து சடுதியாக நிற்கும்பொழுது பிரயாணிகள் முன்னே சாய்வதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே வண்டியின் பாரமும் முற்சில்லின்மேற் சாய்கின்றது. ஓய்விலே இரு சில்லுகளும் பாரத்தைச் சமமாகத் தாங்குகின்றன என்றும், புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 0.6 மீற்றர் உயரத்தில் உள்ளது என்றும், சில்லுகளுக்கிடையிலான தூரம் 1.37 மீற்றர் என்றும் கொள்வோம். செக்கனுக்குச் செக்கன் 6 மீற்றர் அமர்முடுகலில் நிறுத்தும்பொழுது, முற்சில்லு ஏறத்தாழ 1,800 நியூற்றன் பாரத்தையும் பிற்சில்லு 550 நியூற்றன் பாரத்தையும் தாங்கும். நான்கிலே மூன்று பங்கு முன்னே. ஒரு பங்கே பின்னே. பாரம் இல்லாத சில்லினை எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்குமேயன்றி நிறுத்தாது.

இதே கணக்கின்படி, உராய்வுக் குணகம் 0.7 ஆகவுள்ள உலர்ந்த தார்வீதியிலே, பிற்பிறேக்கு ஒன்றினால் பெறத்தக்க அமர்முடுகல் 2.6 மீற்றர் அளவே. 60 கிலோமீற்றர் வேகத்தில் அவ்வண்டி நிற்பதற்கு 53 மீற்றர் வேண்டும். இரு பிறேக்குகளையும் முறையாகப் பிடித்து 6 மீற்றர் அமர்முடுகல் பெறின் 23 மீற்றர் போதும். இடையிலுள்ள 30 மீற்றரிலே ஒரு கன்று நிற்கலாம். ஒரு குழந்தையும் நிற்கலாம்.

ட்ரம் பிறேக்கின் இயல்பு

திருவொற்றியூரிலே 1955 ஆம் ஆண்டு முதல் உருவான புல்லட் வண்டிகளுக்கு நெடுங்காலம் 6 அங்குல ட்ரம் பிறேக்கே முன்னே பொருத்தப்பட்டது. சில்லோடு சுழலும் ட்ரத்தினுள்ளே பிறை வடிவான இரு சூக்கள் உள்ளன. அவற்றின் ஒரு முனை நிலையான முளையிலே தங்கியிருக்கும். கைப்பிடியை அழுத்தும்பொழுது கேபிள் இழுபட, மறுமுனையிலுள்ள காம் திரும்பிச் சூக்களை விரித்து ட்ரத்தின்மேல் அழுத்தும்.

இரு சூக்களும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. கதவின் கீழே செருகிய ஆப்பினை நினைத்துப் பாருங்கள். கதவு அதனை நோக்கி வந்தால் ஆப்பு மேலும் இறுகும். விலகிச் சென்றால் தளரும். ட்ரத்தின் சுழற்சி ஒரு சூவினைத் தன்னோடு இழுத்து மேலும் இறுகச் செய்கின்றது. இதனை முந்து சூ எனலாம். மற்றைய சூவினை அதே சுழற்சி உள்ளே தள்ளிவிடுகின்றது. இது பிந்து சூ. ஆகவே பழைய பிறேக்கிலே ஒரு சூவே பெரும்பகுதி உழைக்கின்றது. மற்றையது பெயருக்குத் துணை நிற்கின்றது.

முதலிற் செய்யத்தக்கன

புதிய உறுப்பொன்றும் வாங்குமுன், உள்ளதனை உள்ளவாறு வேலை செய்யவைத்தல் வேண்டும்.

ஒன்று: கேபிள். உட்கம்பி பிசிறியிருந்தாலும் துருவேறியிருந்தாலும் மாற்றுக. உப்புக் காற்று வீசும் வாவிக்கரையிலே இது விரைவிற் கெடும். புதியதாயினும் எண்ணெய் இட்டு, கூர்வளைவின்றி ஓட்டுக.

இரண்டு: நெம்பின் கோணம். லைனிங் ட்ரத்தினைத் தொடும் வேளையிலே, கேபிளும் காம் நெம்பும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிற்றல் வேண்டும். அக்கோணம் மிகவும் கூடினும் குறையினும் கையின் விசை வீணாகும்.

மூன்று: லைனிங். ட்ரத்தின் வளைவும் லைனிங்கின் வளைவும் ஒத்திருத்தல் வேண்டும். ட்ரம் வட்டம் பிசகியிருப்பின் லேத்திலே மெல்லியதாகக் கடைந்து, அதற்கேற்ப லைனிங்கினைச் சீவுக. பழைய லைனிங்குகளிலே அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். அத்தூசு நுரையீரலிற் புற்றுநோய் விளைவிப்பது. வாயால் ஊதுதலும் காற்றுக் குழாயாற் பீச்சுதலும் கூடா. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பொதியிட்டு அகற்றுக.

நான்கு: நடுவப்படுத்தல். சில்லினைப் பூட்டும்பொழுது அச்சாணியின் நட்டினை இறுக்காது விட்டு, சில்லினைச் சுழற்றிப் பிறேக்கினை நன்றாகப் பிடித்தபடியே நட்டினை இறுக்குக. சூக்கள் ட்ரத்தின் நடுவே தாமாக அமையும். பிறேக்குத் தட்டு போர்க்கின் காலிலுள்ள தடுப்பிலே சரியாகப் பொருந்தியிருக்கின்றதா என்பதை இருமுறை பார்க்க. பொருந்தாவிடின் சில்லோடு தட்டும் சுழன்று பெருவிபத்து நேரும்.

ஐந்து: ரயர். பிறேக்கு சில்லினை நிறுத்துகின்றது. வண்டியை நிறுத்துவது ரயரே. பல ஆண்டு கிடந்து இறுகிய ரயரிலே தடம் தேயாதிருந்தாலும் அதனை நம்பலாகாது.

இவ்வைந்தினையும் செய்தவர் பலர், தம் வண்டிக்குப் புதிய பிறேக்கே பூட்டியதாக எண்ணுவர். எமக்கும் அவ்வாறே தோன்றிற்று.

இரு முந்து சூக்கள்

அதற்கு மேலும் வலு வேண்டின், அடுத்த படி 7 அங்குல ட்ரம் ஆகும். பிற்காலத்துப் புல்லட்டுகளிலே இது வந்தது. இதில் இரு காம்கள் உள. வெளியே ஒரு கோல் இரண்டினையும் இணைக்கின்றது. ஆகவே இரு சூக்களும் முந்து சூக்களாகின்றன. ட்ரம் அகன்றமையால் உராய்வு விசை மையத்திலிருந்து சற்றுத் தொலைவிலே தொழிற்பட்டு, அதே விசைக்கு ஆறிலொரு பங்கு கூடிய திருப்பத்தைத் தருகின்றது.

இதனைப் பூட்டுவோர் கவனிக்கவேண்டியது இணைப்புக் கோலின் நீளம். இரு சூக்களும் ஒரே கணத்திலே ட்ரத்தினைத் தொடவேண்டும். ஒன்று முந்தித் தொடின், செலவு செய்த பணம் ஒரு சூவுக்கே பயன்படும். சில்லு பின்னோக்கி உருளும்பொழுது இரண்டும் பிந்து சூக்களாகி வலு குன்றும் என்பதும் நினைவிலிருக்கட்டும். மலைநாட்டு ஏற்றத்திலே நிறுத்திப் பிடிக்கும்பொழுது இக்குறை தெரியும். படுவான்கரையின் சமவெளியிலே தெரியாது.

டிஸ்க் பிறேக்கு

மூன்றாவது படி டிஸ்க். 1969 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஹொண்டா சீபீ 750 முற்சில்லில் ஐதரோலிக் டிஸ்க்கினைக் கொண்டிருந்தது. புல்லட்டுக்கும் பின்னர் 280 மில்லிமீற்றர் டிஸ்க் வந்தது. இது பஸ்காலின் விதியைத் துணைக்கொள்வது. அடைக்கப்பட்ட திரவத்தின் அமுக்கம் எங்கும் சமம். எனவே கலிப்பரின் பிஸ்டன் கைப்பிடிப் பிஸ்டனைப்போல் இருமடங்கு விட்டமுடையதாயின் விசை நான்கு மடங்காகின்றது. வெப்பத்தினால் ட்ரம் விரிந்து சூக்களை விட்டு விலகும். டிஸ்க் காற்றிலே திறந்திருந்து விரைவிற் குளிரும். மாரி வெள்ளத்திலே நனைந்த ட்ரம் உலர நேரமெடுக்கும்; டிஸ்க் சுழன்றபடியே நீரை உதறிவிடும்.

ஆயின் பழைய வண்டியில் டிஸ்க்கினை மாத்திரம் ஒட்டவைத்தல் ஆகாது. அதற்குரிய போர்க், சில்லின் நடுக்குடம், அச்சாணி, மாஸ்டர் சிலிண்டர் யாவும் ஒரே தொகுதியாக அமையவேண்டும். பழைய போர்க்கின் காலிலே இரும்புத்துண்டை ஒட்டிக் கலிப்பரைத் தொங்கவிடும் வேலையை யாரும் செய்விக்கவேண்டா. அவ்வொட்டு உடையும் இடம் கராச்சாக இராது, வீதியாகவே இருக்கும். பிறேக்குத் திரவமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. டொட் 4 வகை புதிதாயிருக்கும்பொழுது 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலே கொதிக்கும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகையளவிற்கு இறங்கக்கூடும். கொதித்துக் குமிழி தோன்றின் கைப்பிடி வெறுமையாக உள்ளே போகும். ஈரலிப்பு மிகுந்த நம் பிரதேசத்திலே இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மாற்றுதல் வேண்டும்.

நாம் இரண்டாம் படியோடு நின்றோம். எமது வேகத்துக்கும் வீதிக்கும் அது போதுமானது. வண்டியின் பழைய வடிவமும் குலையவில்லை. நெடுந்தூரம் விரைந்து செல்வோர் மூன்றாம் படியை நாடுவது தவறன்று.

முடிவுரை

பெரியோர் சொன்ன எச்சரிக்கையிலும் உண்மை உண்டு. முற்பிறேக்கினைச் சடுதியாகப் பறித்தால், பாரம் முன்னே சாய்வதற்கு முன்னரே சில்லு இறுகி வழுக்கும். மணலிலும், வைக்கோல் பரந்த இடத்திலும், வளைவிலே சாய்ந்திருக்கும்பொழுதும் அது எளிதில் வீழ்த்தும். ஆகவே தொடாதே என்பதை விடுத்து, தொடப் பழகு என்று கற்பித்தலே தக்கது. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல, மெல்லத் தொடங்கி வரவர இறுக்குதல் வேண்டும்.

நாம் ஞாயிறு காலைகளிலே வெறுமையான தார்நிலமொன்றில் சுண்ணாம்புக் கோடு கீறி, அக்கோட்டிலே பிறேக்கினைப் பிடித்து, நின்ற இடம்வரை அடி எண்ணிப் பழகினோம். முதலிற் காற்பிறேக்கு மாத்திரம், பின்னர் இரண்டும். மாணவர்கள் மூத்தோர் ஒருவரின் துணையோடு, தலைக்கவசமணிந்து, குறைந்த வேகத்தில் இதனைச் செய்து பார்க்கலாம். இரண்டு எண்ணிக்கைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தம் காலாலே அளந்தவர் அதனை மறவார்.

பழைய மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுக் கோடியிலே தந்தையாரின் வண்டி நிற்குமாயின், அதனை மகனிடம் கொடுக்குமுன் முற்சில்லினை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். எஞ்சின் எழும்பாத வண்டி வீட்டிலே நிற்கும். பிறேக்கு இல்லாத வண்டியோ வீதியிலும் நில்லாது.