தலைக்காயத்திற்குப் பின் மறுவாழ்வு

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். காயமுற்றோருள் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டோரின் நிலை தனித்து ஆராயத்தக்கது. கை கால்கள் நலமடைந்த பின்னரும் மறதி, கவனக் குறைவு, கட்டுக்கடங்காச் சினம், ஊக்கமின்மை ஆகியவை நீடிக்கக்கூடும். இக்குறைகள் தம்மிடம் உள்ளன என்பதையே சிலர் உணர்வதில்லை. அவ்வாறு உணராமையும் காயத்தின் விளைவே. உணரத் தொடங்கும்போது மனச்சோர்வு தோன்றுவதுண்டு. வெளித்தோற்றத்தில் குறை தெரியாமையால், குடும்பத்தினரும் மேலதிகாரிகளும் இவற்றைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ தவறாகக் கருதிவிடுகின்றனர்.

முந்தைய நிலைக்கு முழுமையாகத் திரும்புதல் பலருக்கு இயலாது. எனவே, எஞ்சிய ஆற்றலைக் கொண்டு இயன்றவரை பிறரைச் சாராது வாழச் செய்தலே மறுவாழ்வின் நோக்கமாகும். குறிப்பேடு, மாறாத அன்றாட ஒழுங்கு, ஒரு நேரத்தில் ஒரே வேலை, இடையிடையே ஓய்வு ஆகியன செலவு குறைந்த உத்திகள். நோயாளியைப் பேணும் குடும்பத்தினருக்கும் விளக்கமும் ஆதரவும் இன்றியமையாதவை.

சாலை விபத்தில் சிக்கியோருக்கான 2025ஆம் ஆண்டின் ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம் 7 நாட்கள் வரை, ரூ.1.5 லட்சத்திற்கு உட்பட்டு உதவுகிறது. மறுவாழ்வுக்கோ மாதங்களும் ஆண்டுகளும் தேவைப்படுகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் மூளைக்காயத்திற்கெனத் தனி வகை இல்லை. அதன் விளைவுகளைக் கொண்டே சான்று பெறவேண்டியுள்ளது. எனினும், பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யலாகாது என அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. பழைய பணி பொருந்தாவிடில் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி அளிக்கவேண்டும். ஊழியர் தம் குறையைத் தாமே உணராத நிலையில், அதனை இனங்கண்டு இப்பிரிவைச் செயற்படுத்தும் பொறுப்பு அலுவலகத் தலைவரையே சாரும்.